ரிசப்ஷன் கோட்டு

மார்ச் 2, ஞாயிறு

சம்பந்தி சோமசுந்தரத்துக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூர் வேண்டாம், கப்பலில் கொண்டாடலாம் என்று மாப்பிள்ளை நிஷாந்த் ஏற்பாடு செய்துவிட்டார். பதினாறாம் தேதி சிங்கப்பூரில் ஏறினால் புக்கெட், பினாங்கு பார்த்துவிட்டு இருபத்தொன்றாம் தேதி அங்கேயே இறங்கலாம். நானும் கோமதியும் வராவிட்டால் தானும் போகப்போவதில்லை என்று செண்பகா போனில் சொல்லிவிட்டாள். எங்களுக்கு அவள் ஒரே மகள். சரி என்று சொல்லியாயிற்று.

இன்று சம்பந்தி வாட்ஸப் குரூப்பில் நீளமாக ஒரு செய்தி போட்டிருக்கிறார். கப்பலில் இரண்டு இரவுகள் ஃபார்மல் நைட்டாம். ஆண்கள் கோட்டு, டை, மூடிய ஷூ போட்டுக்கொண்டுதான் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குள் போக வேண்டும். அரை டிரவுசர், டீ சர்ட், ரப்பர் செருப்பு கூடாது. அவரவர் நாட்டு உடை உடுத்தலாம், ஆனால் முறையாக இருக்க வேண்டும். பெண்களுக்குப் பட்டுப்புடவை போதும். சாப்பிட உட்காருவதற்கே இவ்வளவு சட்டம் போடுகிறவர்கள் என்னதான் பரிமாறுவார்களோ தெரியவில்லை.

கடைசியில் எனக்கென்று தனியாக ஒரு வரி. “சம்பந்தி, நீங்க புதுசா தைக்க வேண்டாம். ரிசப்ஷன்ல போட்டிருந்தீங்களே நேவி ப்ளூ கோட்டு, அதையே எடுத்துட்டு வந்துடுங்க. ராஜா மாதிரி இருந்தீங்க.” கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி வைத்தேன்.

அந்தக் கோட்டு எனக்கு இப்போது பத்தாது. பாச்சா உருண்டை வாசனை வேறு. கடலில் புழுக்கமாகவும் இருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம். அதில் பாதி துணை மின்நிலையத்தில். மணிக்கு ஒருதரம் ரீடிங் எழுதிப் பழகிய கை என்பதால் இந்த நோட்டிலும் நடந்ததை மட்டும் எழுதுவேன். இன்று நடந்தது இவ்வளவுதான்.

கோமதி அடுக்களைச் சுவரைப் பார்த்து, சிங்கப்பூரில் குளிருமா என்னவோ என்றாள். நான் டிவியைப் பார்த்து, அங்கே வருஷம் பூராவும் வெயில்தான் என்றேன். சுவர் பதில் சொல்லவில்லை. டிவியும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டரை வருடமாக எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான். கோமதி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. நேரத்துக்குக் காபி வரும், சோறு வரும், துவைத்த சட்டை மடித்து வைத்திருக்கும். செண்பகா வீடியோவில் கூப்பிட்டால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் கலகலவென்று பேசுவோம். போனை வைத்ததும் கோமதி எழுந்து போய்விடுவாள். மகளுக்குத் தெரியாது. சம்பந்தி வீட்டுக்கும் தெரியாது.

கப்பலில் எங்களுக்கு ஒரே அறை. ஐந்து ராத்திரி.

மார்ச் 6, வியாழன்

புதுக் கோட்டு தைக்க முடியுமா என்று கேட்க இஸ்மாயில் பாய் கடைக்குப் போனேன். நோன்பு மாதம். பெருநாள் துணி கடை முழுக்கக் குவிந்து கிடக்கிறது. மாதம் முடிவதற்குள் முடியவே முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

பழைய கோட்டுக்கு என்ன குறை என்று கேட்டார். அவர் தைத்ததுதான் அது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த துணி, அந்த மாதிரித் துணி இப்போது வருவதே இல்லை, கொண்டு வாருங்கள், இடுப்பைக் கொஞ்சம் விட்டுத் தருகிறேன் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகப்போவதில்லை.

இடுப்பு சரியாகத்தான் இருக்கிறது. நேற்று மத்தியானம் கோமதி கோவிலுக்குப் போயிருந்தபோது போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. நாட்டு உடை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பட்டு வேட்டி ஒன்று, வெள்ளைச் சட்டை இரண்டு, அங்கவஸ்திரம் ஒன்று எடுத்துக் கட்டிலில் வைத்தேன். கோமதி பெட்டியில் அடுக்கிவிட்டாள். கோட்டு பீரோவில் இருக்கிறது.

மார்ச் 15, சனி

சிங்கப்பூர். செண்பகா வீடு பதினான்காவது மாடியில். நன்றாக வைத்திருக்கிறாள்.

ஹாலில் ரிசப்ஷன் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். இந்தப் பக்கம் சம்பந்தியும் அவர் மனைவி இந்திராணி அம்மாவும். அந்தப் பக்கம் கோமதியும் நானும். கோமதி அரக்குப் பட்டில் வாய்நிறையச் சிரிக்கிறாள். நான் கோட்டில். நானும் சிரிக்கிறேன்.

கோமதி அந்தப் படத்துக்கு முதுகு காட்டும்படியான நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாளும் அந்த நாற்காலிதான். செண்பகா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கப்பல் ஏறினோம். பதினாறு மாடி. கப்பல் என்றே தோன்றவில்லை, கல்யாண மண்டபத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கடலில் விட்டதுபோல் இருக்கிறது. எட்டாவது மாடியில் எங்கள் அறை. ஒரு கட்டில், ஒரு சோபா. நான் சோபாவில் துண்டைப் போட்டேன்.

சட்டையை மாட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய புடவையில் சுற்றி, கோட்டு இருந்தது. கால்சட்டையும் இருந்தது. டையும் இருந்தது.

கோமதி ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் வைத்தாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மடிப்புக் கலையாமல் மறுபடி அடியிலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

முதல் ஃபார்மல் நைட்.

பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம் உடுத்திக்கொண்டு போனேன். மூடிய ஷூ என்று சட்டம் இருப்பதால் வேட்டிக்குக் கீழே கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ. லிஃப்டில் கண்ணாடியில் பார்த்தேன். மேலே பாதி நெல்லையப்பர் கோவில் விழாக் கமிட்டி, கீழே பாதி மின்வாரியம்.

வாசலில் நின்ற ஆள் குனிந்து வணங்கி உள்ளே விட்டான். சுற்றிலும் கறுப்புக் கோட்டுகள். சம்பந்தி கழுத்தில் வில் மாதிரி ஒரு முடிச்சு. அவர் எப்போதும்போல் சந்தோஷமாக இருந்தார், ஜனாதிபதி மாளிகை விருந்துக்கு வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள் என்றார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருப்பது எனக்குச் சில சமயம் கஷ்டமாக இருக்கிறது.

பச்சைப் பட்டாணி சூப், ரொட்டி, வெந்த காய். ஊறுகாய் இந்திராணி அம்மா கொண்டுவந்திருந்தார். கோமதி எனக்கு எதிரே உட்கார்ந்து எல்லோரிடமும் பேசினாள். என் தட்டில் ஊறுகாய் வைத்தாள். தட்டைப் பார்த்துத்தான் வைத்தாள்.

எழுந்திருக்கும்போது செண்பகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, வியாழக்கிழமை நைட் மட்டும் கோட்டு போடுங்கப்பா. மாமாவுக்கு அறுபதாம் கல்யாண போட்டோ. ரிசப்ஷன்ல நின்ன மாதிரியே ஆறு பேரும் நிக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டப்போறேன். அம்மாகிட்டச் சொல்லித்தான் கொண்டுவரச் சொன்னேன்.”

ஆக, பெட்டியில் அது வந்தது இப்படித்தான். கோமதி அவளிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

புக்கெட். அவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வயிறு சரியில்லை என்று நான் அறையிலேயே இருந்தேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமைக்கு ஒத்திகை.

மார்ச் 19, புதன்

பினாங்கு. மறுபடியும் வயிறு என்றேன். நிஷாந்த் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அறையில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருப்பதால் எதுவும் நடக்காமல் போய்விடவில்லை.

கோட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தது என் மைத்துனர் ஆவுடையப்பன். கோமதியின் அண்ணன். சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை. மருமகளுக்குத் தாய்மாமன் சீர் செய்யும்போதே, சம்பந்தி வீட்டுச் சென்னைக்காரர்களுக்கு முன்னால் நானும் கோட்டுப் போட்டு நிற்க வேண்டும் என்று சொல்லி, ஆசையாக எடுத்து அனுப்பினார். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நெஞ்சுவலி வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தேறி வருகிறார் என்றுதான் சொன்னார்கள். கோமதி ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கல்யாணத்தன்று விடியற்காலை நான்கு மணிக்கு எனக்குப் போன் வந்தது. அவர் மகன் சங்கரலிங்கம். அப்பா போய்விட்டார் என்றான்.

ஆறு மணிக்கு முகூர்த்தம். நான் மண்டபத்து மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே மேளக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோமதி மணப்பெண் அறையில் செண்பகாவுக்குப் பூச் சூட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் தீட்டு. கல்யாணம் நிற்கும். நின்ற கல்யாணம் மறுபடி நடக்குமா என்று யார் சொல்ல முடியும்? சம்பந்தி வீட்டில் அபசகுனம் என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும். இதெல்லாம் அரை நிமிஷத்தில் மனதில் ஓடியது. ராத்திரி ரிசப்ஷன் முடியும்வரை அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்று சங்கரலிங்கத்திடம் சொன்னேன்.

அவன் அழுதுகொண்டே, அத்தை வந்து முகம் பார்க்காமல் எப்படி எடுப்பது, ராத்திரிவரை எப்படி வைத்திருப்பது என்று கேட்டான்.

“நீங்க எடுத்துருங்க” என்றேன்.

இந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் இப்போதுதான் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆறரை மணிக்கு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். சாப்பாடு முடிந்து, இப்போதுதான் போன் வந்தது என்று ஒன்பதரைக்குக் கோமதியிடம் சொன்னேன். காரில் அவள் என் தோளில் சாய்ந்துதான் அழுதுகொண்டு வந்தாள். அதுதான் கடைசி. சங்கரன்கோவிலில் கழுவி விட்ட வீடு. அண்ணன் இல்லை, அண்ணன் உடம்பும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கே மாமாவிடம் சொல்லிவிட்டேனே அத்தை என்று சங்கரலிங்கம் சொன்னான். நான் வாசலில் கோட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

செண்பகாவுக்கு, மாமா ராத்திரி எட்டு மணிக்குப் போனார், மறுநாள் எடுத்தார்கள் என்று சொல்லி வைத்தோம். புதுப்பெண் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதால் அவள் வரவில்லை. யாரும் உளறாமல் பார்த்துக்கொண்டது கோமதி. தன் அண்ணன் வீட்டில் ஒவ்வொருவரிடமும் அவளே பேசி வாயை அடைத்தாள். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். ஒன்றும் செய்யவில்லை எனக்கு. அழுகைகூட வரவில்லை. இரண்டரை வருடமாகவே இப்படித்தான், மரத்துப்போன கால் மாதிரி, கிள்ளினாலும் தெரிவதில்லை.

மார்ச் 20, வியாழன், மாலை

வயிறு என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். குளித்துவிட்டு வந்தால், கோட்டு கட்டிலின்மேல் விரித்து வைத்திருக்கிறது. கோமதி இஸ்திரி போட்டிருக்கிறாள். அவளைக் காணவில்லை. செண்பகா அறையில் புடவை கட்டிக்கொள்ளப் போயிருப்பாள்.

போட்டுக்கொண்டேன். டை கட்ட வரவில்லை. நிஷாந்த் வந்து கட்டிவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி, காலை

நேற்று ராத்திரி எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். எட்டு மணிக்கு இறங்க வேண்டும்.

போட்டோ எடுத்தார்கள். படிக்கட்டில் ஆறு பேரும், அன்று நின்ற வரிசையில். சிரிக்கச் சொன்னார்கள். கோமதி சிரித்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

சாப்பாட்டு மேஜையில் இந்திராணி அம்மா என் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்து, இந்தத் துணியை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கோமதி, எங்கள் அண்ணன் எடுத்துக் கொடுத்தது என்றாள். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இந்திராணி அம்மா ‘அடடா’ என்றார். பாவம், அன்றைக்கு ராத்திரியே அல்லவா அந்தச் செய்தி வந்தது என்று சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார்.

செண்பகா கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் அடிக்கடி நினைச்சுப்பேன் மாமா. ரிசப்ஷன் முடியற வரைக்கும் ஆவுடை மாமா எனக்காக உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. எட்டு மணின்னா அப்பதான் நாங்க கேக் வெட்டினோம்.”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது.

“இல்லம்மா. விடியக்காலை நாலு மணிக்கே” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வார்த்தை என் நாக்கில் இருந்தது. அதற்குள் கோமதி பேசினாள்.

“ஆமா, நாலு மணிக்கே ரொம்ப முடியாமப் போச்சாம். டாக்டர் கைய விரிச்சிட்டாராம். அப்புறமும் ராத்திரி வரைக்கும் இழுத்துக்கிட்டுக் கிடந்திருக்காவ. உனக்காவத்தான் இருந்தாவ செண்பகா. நீ சாப்பிடு.”

செண்பகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்திராணி அம்மா கோமதியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு கேக் வந்தது. சம்பந்தி வெட்டினார். பணியாளர்கள் சுற்றி நின்று பாட்டுப் பாடினார்கள். நானும் கை தட்டினேன்.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். இரண்டரை வருடமாகச் சொல்ல வைத்திருந்ததைச் சொன்னேன். “எடுக்கச் சொன்னது தப்புதான் கோமதி. அண்ணன் முகத்த நீ பாக்காமப் பண்ணிட்டேன்.”

அவள் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுத்திருப்பதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

“அது மட்டும்னா நான் என்னைக்கோ பேசியிருப்பேன்” என்றாள். “அன்னைக்கு நாலு மணிக்கே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? கல்யாணத்த நிறுத்தியிருப்பேன்னா நெனச்சிய? என் மவ கல்யாணத்த நான் நிறுத்துவேனா? வாய மூடிக்கிட்டுத்தான் நின்னிருப்பேன். பூ வச்சிருப்பேன், தாரை வாத்துக் குடுத்திருப்பேன், போட்டோவுக்குச் சிரிச்சிருப்பேன். எல்லாம் தெரிஞ்சு செஞ்சிருப்பேன். அண்ணன் செத்துக் கிடக்கும்போது ஒண்ணுமே தெரியாம என்னச் சிரிக்க வச்சிட்டிய.”

சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போய்விட்டாள். நான் கோட்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலையிலிருந்து எனக்கு அழுகையாக வருகிறது. இவ்வளவு நாளாக வராதது. அவள் சொன்னது சரி. அவள் நின்றிருப்பாள். இத்தனை நாள் மகளுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தவள், நேற்றும் அத்தனை பேருக்கு நடுவில் என் பாதி உண்மையை வாங்கி முழுப் பொய்யாக்கி என்னைக் காப்பாற்றியவள், அந்த ஒரு பகல் பொழுதைத் தாங்கியிருக்க மாட்டாளா? அன்று அந்த மண்டபத்தில் அதைத் தாங்கக்கூடிய ஆள் நான் இல்லை, அவள்தான். அவளிடம் நான் சொல்லவில்லை.